மாவுக்கட்டுக்குப் பின் 304 விக்கெட்டுகள்: டென்னிஸ் லில்லி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியின் டெஸ்ட் வாழ்க்கையை 70 ஆட்டங்கள், 355 விக்கெட்டுகள், சராசரி (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்) 23.92 என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பது வழக்கம். அந்தக் கணக்கின் நடுவே, 1973 பிப்ரவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் அவர் ஆடிய டெஸ்ட்டுக்கு அடுத்து ஒரு கோடு போட்டுப் பார்த்தால், கோட்டுக்கு முன்னால் 11 டெஸ்ட்டுகளில் 51 விக்கெட்டுகளும், பின்னால் 59 டெஸ்ட்டுகளில் 304 விக்கெட்டுகளும் வந்து நிற்கின்றன. டெஸ்ட் ஒன்றுக்கு முன்பு 4.6 விக்கெட், பின்பு 5.2. அந்தக் கோடு விழும் இடத்தில் இருப்பவை முதுகின் கீழ்ப்பகுதியில் மூன்று எலும்பு முறிவுகள், உடம்பைச் சுற்றிப் போட்ட ஒரு மாவுக்கட்டு, டெஸ்ட் ஆட்டமே இல்லாமல் கழிந்த இருபத்தொரு மாதங்கள்.

முதுகு முறிந்த ஒரு வேகப்பந்து வீச்சாளர் அதற்குப் பிறகு முன்னைவிட அதிகமாக விக்கெட் எடுத்தது எப்படி என்பதே இங்கே ஆராயப்படும் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லில்லிக்குப் பிறவியில் வாய்த்தது வேகம். பந்துவீச்சு என்ற கலையை அவர் கற்றது அந்த இருபத்தொரு மாதங்களில்தான். அப்படிக் கற்ற பாடமே பிற்காலத்தில் சென்னைச் சேத்துப்பட்டில் ஒரு பள்ளி மைதானம் வரை வந்து சேர்ந்தது.

முறிவுக்கு முன்

லில்லி 1949 ஜூலை 18 அன்று பெர்த் நகரின் சுபியாக்கோவில் பிறந்தவர். அந்த ஊரின் வாக்கா மைதானம் அந்நாளில் உலகிலேயே மிகவும் கடினமான, பந்து மிக உயரமாக எழும்பும் ஆடுகளங்களில் ஒன்று. பிற்பகலில் ‘ஃப்ரீமேன்டில் டாக்டர்’ என்று ஊரார் பெயர் வைத்திருக்கும் கடற்காற்று மைதானத்துக்குக் குறுக்கே வீசத் தொடங்கும். அங்கே வளரும் இளைஞன் வேகமாக வீச ஆசைப்படுவதில் வியப்பில்லை. 1969-70 பருவத்தில் மேற்கு ஆஸ்திரேலிய மாநில அணிக்கு வந்த லில்லி, 1971 ஜனவரியில் அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட்டை ஆடி, முதல் இன்னிங்ஸிலேயே 84 ரன்களுக்கு 5 விக்கெட்டுகளை எடுத்தார்.

அவர் யார் என்று உலகத்துக்குத் தெரிந்தது அதே ஆண்டு டிசம்பரில். உலகப் பதினொருவர் அணி ஆஸ்திரேலியாவுக்கு வந்திருந்தது. கவாஸ்கர், கன்ஹாய், கிளைவ் லாயிட், சோபர்ஸ் எனப் பெயரைக் கேட்டாலே பந்துவீச்சாளர்கள் தயங்கும் வரிசை அது. வாக்காவில் அந்த வரிசை 59 ரன்களுக்குச் சுருண்டது. 29 ரன்களுக்கு 8 விக்கெட்டுகள் லில்லிக்கு. அந்தத் தொடருக்கு டெஸ்ட் தகுதி கிடைக்கவில்லை என்பதால் 355 என்ற எண்ணில் இந்த எட்டும் சேரவில்லை. 1972-இல் இங்கிலாந்தில் 5 டெஸ்ட்டுகளில் 31 விக்கெட்டுகள், சராசரி 17.67. லார்ட்ஸில் பாப் மேசி தன் முதல் டெஸ்ட்டிலேயே 16 விக்கெட்டுகளை அள்ளியபோது, மீதியிருந்த நான்கையும் எடுத்தவர் லில்லி.

அந்நாளைய லில்லியின் பந்துவீச்சில் அடக்கி வைத்தது என்று எதுவுமே இல்லை. நீண்ட ரன்-அப், ஓடி வரும்போதே கூடிக்கொண்டு போகும் வேகம், கடைசித் துள்ளலில் உடம்பைப் பின்னால் வளைத்து, பக்கவாட்டில் சாய்த்து, முறுக்கி, இடது காலை ஆடுகளத்தில் ஓங்கி ஊன்றிப் பந்தை விடுவார். பார்ப்பவர்களுக்கு அது அழகு. ஓவருக்கு ஆறு அல்லது எட்டு முறை, நாள் முழுக்க அதே வேலையைச் செய்த முதுகெலும்புக்கு அது வேறு கணக்கு.

முறிவு

வேகப்பந்து வீச்சாளர்களின் முதுகில் வரும் அழுத்த முறிவு, கீழே விழுந்து கையை முறித்துக்கொள்வது போல ஒரே நொடியில் நடப்பதன்று. முன்கால் தரையில் ஊன்றும்போது, உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை காலின் வழியே இடுப்புக்கு ஏறுகிறது. அதே கணத்தில் முதுகு பின்னோக்கி வளைந்தும், ஒருபக்கமாகச் சாய்ந்தும், திருகியும் இருக்கிறது. ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்புறத்திலும் மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் மெல்லிய எலும்புப் பாலம் ஒன்று உண்டு. விசை முழுவதும் வந்து குவிவது அந்தப் பாலத்தில்தான். எலும்பு தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் இயல்புடையது. செப்பனிடும் வேகத்தைவிடத் தேயும் வேகம் கூடும்போது மயிரிழை போல விரிசல் விடுகிறது. இளம் வயதில் அந்த எலும்பு முழு வலுவை அடைந்திருக்காது என்பதால் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கே ஆபத்து மிகுதி. 1973-இல் லில்லிக்கு வயது 23.

முதல் அறிகுறி 1973 ஜனவரியில் சிட்னியில் தெரிந்தது. பாகிஸ்தான் வெற்றி பெற 159 ரன்கள் போதும். முதுகு வலியோடு ரன்-அப்பைக் குறைத்துக்கொண்டு, மிதவேகத்தில் லில்லி ஒரு முனையைத் தாங்கி 3 விக்கெட்டுகளை எடுத்தார். மறுமுனையில் மேக்ஸ் வாக்கர் 15 ரன்களுக்கு 6 விக்கெட்டுகளைச் சாய்க்க, பாகிஸ்தான் 106 ரன்களுக்கு ஆட்டமிழந்தது. வெற்றி மகிழ்ச்சியில் அந்த வலியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதமே அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்பட்டது. கிங்ஸ்டன் டெஸ்ட்டில் லில்லிக்கு ஒரு விக்கெட்டும் கிடைக்கவில்லை. அத்தோடு அவருடைய தொடர் முடிந்தது. முதுகின் கீழ்ப்பகுதி முள்ளெலும்புகளில் மூன்று முறிவுகள் இருப்பது பிறகு தெரிய வந்தது.

இன்று இந்த இடத்தில் ஸ்கேன் எடுப்பார்கள், ஓவர் கணக்குப் பார்ப்பார்கள், ஓய்வு கொடுப்பார்கள். அன்று அப்படிப்பட்ட ஏற்பாடு எதுவும் இல்லை. முதுகு முறிந்த வேகப்பந்து வீச்சாளர் மீண்டும் அதே வேகத்தில் டெஸ்ட் ஆடுவார் என்று நம்புவதற்கு எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

இருபத்தொரு மாதங்கள்

மார்பிலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டு. ஆறு வாரங்கள் அதற்குள்ளேயே கிடந்தார். குனிய முடியாது, திரும்ப முடியாது. உடம்பையே தொழிலாகக் கொண்ட 23 வயது இளைஞனுக்கு அந்த ஆறு வாரங்கள் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டைப் பிரித்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது.

அந்த வேலையில் அவருக்குத் துணை நின்றவர் ஃப்ராங்க் பைக். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி ஆய்வாளராக இருந்தவர் அவர். தசை வலு, நெகிழ்வு, ஓட்டத் தாங்குதிறன் என்று படிப்படியாக, அளந்து அளந்து கூட்டிக்கொண்டு போகும் பயிற்சித் திட்டம் ஒன்றை அவர் வகுத்துக் கொடுத்தார். கிரிக்கெட் வீரர்கள் வலைப்பயிற்சியையும் மைதானத்தைச் சுற்றி இரண்டு ஓட்டத்தையும் மட்டுமே உடற்பயிற்சி என்று எண்ணியிருந்த காலம் அது. பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் பந்துவீச்சாளரின் உடம்பை அறிவியல் முறையில் மறுபடியும் கட்டி எழுப்பியது, அந்த ஆட்டத்துக்குப் புதிது.

1973-74 பருவத்தில் லில்லி பெர்த் கிளப் ஆட்டங்களில் மட்டையாளராகவே களம் இறங்கினார். பந்தைக் கையில் எடுக்க அவசரப்படவில்லை. இந்த ஒரு முடிவு எனக்கு அவருடைய எந்த விக்கெட்டையும்விடப் பெரிதாகப் படுகிறது. தேசிய அணியின் முதன்மைப் பந்துவீச்சாளர், உலகமே தன்னை மறந்துகொண்டிருக்கும்போது, சனிக்கிழமை கிளப் ஆட்டத்தில் மட்டை பிடித்துவிட்டு, பந்துவீச்சை மற்றவர்களிடம் விட்டு நிற்பதற்குப் பெரும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இல்லாததால் இரண்டாம் முறையும் முறிந்துபோன முதுகுகள் கிரிக்கெட்டில் ஏராளம்.

பந்தை மறுபடி எடுத்தபோது அவர் வேறொரு பந்துவீச்சாளர். ஆக்‌ஷனில் வீண் முறுக்கு குறைந்திருந்தது. இடது கை உயர்ந்து, தோள் மட்டையாளரை நோக்கி நேராக நின்று, உடம்பு முழுவதும் ஒரே கோட்டில் பாய்ந்து முடியும் பக்கவாட்டு ஆக்‌ஷன் தெளிவாக அமைந்தது. பந்தை விட்ட பிறகும் வேகம் சட்டென்று நின்று முதுகில் இறங்காதபடி பல அடிகள் ஓடி முடிப்பார். எல்லாப் பந்தையும் முழு வேகத்தில் வீசும் பழக்கமும் போயிற்று. காற்றிலேயே மட்டையாளரை விட்டு வெளியே வளையும் அவுட்ஸ்விங்கர் அடிப்படை ஆயுதமாக இருக்க, அதனோடு ஆடுகளத்தில் பட்டு வெளியே விலகும் லெக் கட்டரும், வேகம் குறைத்த பந்தும், எப்போது வரும் என்று தெரியாத பவுன்சரும் சேர்ந்துகொண்டன. மட்டையாளரை மிரட்டுவதிலிருந்து மட்டையாளரைப் படிப்பதற்கு அவர் நகர்ந்த காலம் இதுதான்.

மீட்சியின் சான்றுகள்

1974 நவம்பரில் பிரிஸ்பேனில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் திரும்பி வந்தபோது மறுமுனையில் ஜெஃப் தாம்சன் இருந்தார். அந்தத் தொடரில் தாம்சனுக்கு 33, லில்லிக்கு 25 விக்கெட்டுகள். அடிபட்ட மட்டையாளர்களுக்குப் பதிலாக 41 வயது காலின் கவுட்ரியை இங்கிலாந்து விமானம் ஏற்றி வரவழைக்க நேர்ந்தது. ஆஸ்திரேலியா 4-1 என்று வென்றது. அந்த ஒரே தோல்வி கவனிக்கத் தக்கது. மெல்போர்னில் நடந்த ஆறாவது டெஸ்ட்டில் தோள் காயத்தால் தாம்சன் இல்லை. லில்லியும் 6 ஓவர்களிலேயே கால் வலியால் விலகினார். அதே இங்கிலாந்து மட்டையாளர்கள் மளமளவென்று ரன் குவிக்க, இங்கிலாந்து ஒரு இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்றது. மருத்துவ ஆய்வில் மருந்து கொடுத்த குழுவையும் கொடுக்காத குழுவையும் ஒப்பிடுவது போல, இந்த இருவரும் இருந்தபோதும் இல்லாதபோதும் நடந்ததை அந்தத் தொடரே ஒப்பிட்டுக் காட்டிவிட்டது.

1975-இல் இங்கிலாந்தில் 21 விக்கெட்டுகள். அடுத்த கோடையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 27. 1975 உலகக் கோப்பையில் லீட்ஸில் பாகிஸ்தானுக்கு எதிராக 34 ரன்களுக்கு 5 விக்கெட்டுகள் எடுத்து, ஒருநாள் சர்வதேச ஆட்டத்தில் ஐந்து விக்கெட் எடுத்த முதல் வீரரானார். 1977 மார்ச்சில் மெல்போர்ன் நூற்றாண்டு டெஸ்ட்டில் 26 ரன்களுக்கு 6, பிறகு 139 ரன்களுக்கு 5. டெரெக் ரேண்டலின் 174 ரன்களையும் மீறி ஆஸ்திரேலியா 45 ரன் வித்தியாசத்தில் வென்றது. இதை அடுத்து, கிரிக்கெட் வாரியத்துக்குப் போட்டியாக ஊடக அதிபர் கெர்ரி பேக்கர் நடத்திய உலகத் தொடர் கிரிக்கெட்டுக்குச் சென்றதால், 28, 29 என்ற உச்ச வயதின் இரு பருவங்கள் டெஸ்ட் கணக்கில் இல்லாமல் போயின. அந்த ஆட்டங்களின் தரம் டெஸ்ட்டுக்குச் சற்றும் குறைந்ததன்று என்று ஆடியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதனால் 355 என்ற எண் அவருடைய உழைப்பைக் குறைத்தே காட்டுகிறது.

முதுகு தாங்கியது என்பதற்கு வலுவான சான்று 1981. முறிவு ஏற்பட்டு எட்டாண்டுகள் ஆகியிருந்தன. வயது 32-ஐத் தொட்டிருந்தது. இங்கிலாந்துப் பயணத்தின் தொடக்கத்தில் நிமோனியா வேறு வாட்டியிருந்தது. அந்த ஒரே ஆண்டில் 13 டெஸ்ட்டுகளில் 85 விக்கெட்டுகள் எடுத்தார். இங்கிலாந்தில் மட்டும் 39. ஓராண்டில் 85 என்ற அந்தச் சாதனையை 2005-இல் 96 விக்கெட்டுகள் எடுத்து ஷேன் வார்ன் கடக்கும்வரை வேறு எவரும் முந்தவில்லை. இதைச் செய்தபோது லில்லியிடம் 1972-இன் வேகம் இல்லை. பந்து விழும் இடம், பந்தின் தையல் மடிப்பின் கோணம், மட்டையாளரின் கால் நகர்வு ஆகிய மூன்றையும் பிடித்துக்கொண்டு வீசிய ஆண்டு அது.

அந்த ஆண்டின் கடைசி வாரத்தைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். டிசம்பர் 26, மெல்போர்ன். மேற்கிந்தியத் தீவுகளின் மைக்கேல் ஹோல்டிங்கின் வேகத்தில் ஆஸ்திரேலியா 198 ரன்களுக்குச் சுருண்டிருந்தது. அதில் சரியாக 100 ரன்களை ஆட்டமிழக்காமல் எடுத்தவர் கிம் ஹியூஸ். அன்றைய மாலை மேற்கிந்தியத் தீவுகள் கொஞ்ச நேரம் மட்டும் ஆட வேண்டியிருந்தது. டெஸ்மண்ட் ஹேன்ஸ் போனார். நாள் முடியும் நேரத்தில் முதன்மை மட்டையாளர்களைக் காக்க இரவுக் காவலாக வந்த காலின் கிராஃப்ட் போனார். நாளின் கடைசிப் பந்தை எதிர்கொள்ள விவ் ரிச்சர்ட்ஸ் நின்றார். அரங்கம் முழுவதும் லில்லியின் பெயரை இரண்டு அசையாகப் பிரித்து, ஓடி வரும் அடிகளுக்குத் தாளம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தது. பந்து மட்டையின் உள்விளிம்பில் பட்டு ஸ்டம்பைச் சிதறடித்தது. ரிச்சர்ட்ஸ் 2 ரன்; அணி 4 விக்கெட்டுக்கு 10. பந்து விழுந்த வேகத்தில் லில்லி நிற்கவேயில்லை; ஓடிய ஓட்டத்திலேயே வீரர் அறையை நோக்கிப் போய்விட்டார். மறுநாள் லேரி கோம்ஸை ஸ்லிப்பில் கிரெக் சாப்பல் பிடித்தபோது, லான்ஸ் கிப்ஸின் 309 என்ற உலகச் சாதனை கடந்துபோனது. அந்த இன்னிங்ஸில் 83 ரன்களுக்கு 7 விக்கெட்டுகள். அவருடைய டெஸ்ட் வாழ்க்கையின் சிறந்த கணக்கு அதுவே. ஆஸ்திரேலியா 58 ரன் வித்தியாசத்தில் வென்றது.

1984 ஜனவரியில் சிட்னியில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கடைசி டெஸ்ட். கிரெக் சாப்பலும் விக்கெட் கீப்பர் ராட் மார்ஷும் அதே ஆட்டத்தோடு விடைபெற்றார்கள். லில்லியின் பந்தில் மார்ஷ் பிடித்தவை மட்டும் 95. லில்லியின் விக்கெட்டுகளும் மார்ஷ் ஆட்டமிழக்கச் செய்தவர்களின் எண்ணிக்கையும் ஒன்றேபோல 355 என்று முடிந்தது யாரும் திட்டமிட்டு நடந்ததன்று. 1986-இல் இயன் போதம் அந்த 355-ஐக் கடந்தார். பின்னால் வந்தவர்கள் இரட்டிப்பாகக்கூட எடுத்திருக்கிறார்கள். எனினும் டெஸ்ட் ஒன்றுக்கு ஐந்துக்கு மேல் என்ற விகிதத்தை நீண்ட காலம் காத்த வேகப்பந்து வீச்சாளர்கள் மிகச் சிலரே. 86 டெஸ்ட்டுகளில் 431 எடுத்த ரிச்சர்ட் ஹாட்லி அவர்களில் ஒருவர். அவர் தனக்கு முன்மாதிரியாகக் கொண்டதும் லில்லியைத்தான்.

குறையும் கறையும்

எதிர்ச்சான்றுகளையும் எடுத்து வைக்காத ஆய்வு முழுமையாகாது. லில்லி எடுத்த 355-இல் 231 ஆஸ்திரேலிய மண்ணிலும் 96 இங்கிலாந்திலும் வந்தவை. ஆசியாவில் அவர் ஆடியது நான்கே டெஸ்ட்டுகள். எடுத்தது ஆறே விக்கெட்டுகள். 1980-இல் பாகிஸ்தானில் மூன்று டெஸ்ட்டுகளில் 3 விக்கெட், சராசரி 101. ஃபைசலாபாத் ஆடுகளம் எவ்வளவு உயிரற்றது என்றால், விக்கெட் கீப்பர் மார்ஷ் உட்படப் பதினொரு ஆஸ்திரேலியர்களும் அங்கே பந்து வீசினார்கள். 1983-இல் கண்டியில் இலங்கைக்கு எதிராக ஒரு டெஸ்ட், 3 விக்கெட். இந்தியாவில் அவர் டெஸ்ட் ஆடவேயில்லை. 1979-இல் ஆஸ்திரேலிய அணி இங்கே வந்தபோது பேக்கர் தொடரில் ஆடியவர்கள் அந்த அணியில் சேர்க்கப்படவில்லை. தட்டையான ஆடுகளத்தில் லில்லி என்ன செய்திருப்பார் என்ற கேள்விக்குப் போதிய விடை இல்லை என்று ஏற்பதே நேர்மை. மூன்று டெஸ்ட்டுகளை வைத்து அவர் தோற்றார் என்று தீர்ப்பெழுதுவதும் சரியன்று.

நடத்தையில் குறை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. 1979 டிசம்பரில் பெர்த்தில் அலுமினிய மட்டையோடு வந்து, மாற்றச் சொன்னபோது அதைத் தூக்கி எறிந்தார்; மட்டை மரத்தால் ஆனதாக இருக்க வேண்டும் என்று விதியில் எழுதப்பட்டது அதற்குப் பிறகுதான். 1981-இல் ஹெடிங்லியில் தன் அணியே தோற்கும் என்று 500-க்கு 1 விகிதத்தில் அவரும் மார்ஷும் பந்தயம் கட்டினார்கள். போதமின் 149 ரன்களும் பாப் வில்லிஸின் 8 விக்கெட்டுகளும் இங்கிலாந்தை வெல்லச் செய்ய, பந்தயப் பணம் கிடைத்தது. அவர்கள் வேண்டுமென்றே தோற்றதாக யாரும் குற்றம் சாட்டவில்லை. ஆனாலும் தன் அணிக்கு எதிராகப் பணம் வைத்தது தவறு, அதற்கு வேறு பெயர் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் பெர்த்தில் ஜாவேத் மியாண்டாதை உதைத்ததும், மியாண்டாத் மட்டையை ஓங்கியதும், நடுவர் டோனி கிராஃப்டர் இடையில் புகுந்து நின்றதும் படமாகவே பதிந்துள்ளன. அதற்காக இரண்டு ஒருநாள் ஆட்டங்களுக்கு அவர் தடை செய்யப்பட்டார்.

இந்திய ரசிகர்களின் நினைவில் நிற்பது 1981 பிப்ரவரி மெல்போர்ன். லில்லியின் பந்தில் எல்பிடபிள்யூ கொடுக்கப்பட்ட கவாஸ்கர், பந்து மட்டையில் பட்டது என்று கொதித்து, லில்லியின் வாய்ச்சொல்லும் சேர, சேத்தன் சௌகானையும் கூட்டிக்கொண்டு வெளியேறப் புறப்பட்டார். எல்லைக் கோட்டில் அணி மேலாளர் தடுத்துச் சௌகானைத் திருப்பி அனுப்பியதால் ஆட்டம் பிழைத்தது. 143 ரன்களைத் துரத்திய ஆஸ்திரேலியா, காலில் காயத்தோடு வீசிய கபில் தேவிடம் 5 விக்கெட்டுகளை இழந்து 83 ரன்களுக்குச் சுருண்டது. அந்தக் கோபத்துக்கு ஆறே ஆண்டுகள் கழித்து, இந்தியாவுக்கு வேகப்பந்து வீச்சாளர்களை உருவாக்கித் தர லில்லியே வந்தார்.

சேத்துப்பட்டு

1987-இல் எம்ஆர்எஃப் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ரவி மாம்மன் முன்னெடுத்து, எம்ஆர்எஃப் வேகப்பந்து வீச்சுப் பயிற்சி மையத்தைச் சென்னையில் தொடங்கினார். இடம், சேத்துப்பட்டில் மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரி மேல்நிலைப் பள்ளியின் மைதானம். இயக்குநர் டென்னிஸ் லில்லி. இந்தியாவில் ஒரு டெஸ்ட் பந்துகூட வீசாத மனிதர், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் ஆண்டுதோறும் இந்த ஊருக்கு வந்து போனார். அவர் இல்லாத நாட்களில் பயிற்சியை நடத்தியவர்களில் முக்கியமானவர் டி.ஏ. சேகர், இந்தியாவுக்காக 2 டெஸ்ட்டுகள் ஆடிய தமிழ்நாட்டு வேகப்பந்து வீச்சாளர்.

அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்புவரை இந்திய அணியில் புதுப்பந்தின் பளபளப்பைப் போக்கவே வேகப்பந்து வீச்சாளர் என்று ஒருவர் இருந்தார். இரண்டு மூன்று ஓவர்களில் பந்து சுழல் வீச்சாளர் கைக்குப் போய்விடும். கபில் தேவ் அதை மாற்றிக் காட்டினார். ஆனால் கபிலுக்கு அடுத்து யார் என்பதற்கு அமைப்பு ரீதியான விடை இல்லை. சேத்துப்பட்டு அந்த விடைக்கான முதல் முயற்சி. விவேக் ராஸ்தான், ஜவகல் ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான், முனாஃப் படேல், ஸ்ரீசாந்த், இர்ஃபான் பதான் என்று இங்கே பயின்று இந்திய அணிக்குப் போனவர்களின் வரிசை நீளமானது. மகாராஷ்டிரத்தின் ஸ்ரீராம்பூரிலிருந்து மும்பைக்குப் போன ஜாகீரைக் கண்டெடுத்துச் சென்னைக்கு அழைத்து வந்தவர் சேகர். பிற்காலத்தில் ஜாகீர் எடுத்த டெஸ்ட் விக்கெட்டுகள் 311. வேகப்பந்து வீச்சாளனாக வேண்டும் என்று வந்த சச்சின் டெண்டுல்கர் என்ற பதின்ம வயதுச் சிறுவனை மட்டை பிடிக்கச் சொல்லி அனுப்பியதும் இதே இடத்தில்தான். இலங்கையின் சமிந்த வாஸும் இங்கே பயின்றவர். அவர் 111 டெஸ்ட்டுகளில் எடுத்த விக்கெட்டுகள், லில்லியைப் போலவே, சரியாக 355.

இந்தப் பெயர்ப் பட்டியல் முழுவதற்கும் லில்லி ஒருவரே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஊர்ப் பயிற்சியாளர்கள், மாநில அணிகள், அந்த இளைஞர்களின் வீடுகள் என்று பங்குதாரர்கள் பலர். லில்லி கொண்டு வந்து சேர்த்தது ஓர் ஒழுங்குமுறையை. ஆக்‌ஷனைப் படம் பிடித்துப் பார்ப்பது, இடுப்பும் தோளும் எதிரெதிராகத் திருகிக்கொள்ளாமல் சீர்செய்வது, ரன்-அப்பைக் கால் அளந்து நிர்ணயிப்பது, உடற்பயிற்சிக் கூடத்தைப் பந்துவீச்சின் ஒரு பகுதியாகக் கருதுவது எல்லாம் அன்றைய இந்திய வலைகளில் அரிதாக இருந்தவை. அவர் அவற்றை நம்பியதற்குக் காரணம் புத்தகப் படிப்பன்று. அவருடைய முதுகில் மூன்று இடத்தில் விழுந்த விரிசல். அவரை மீட்டெடுத்த மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலேயே புரூஸ் எலியட்டும் டாரில் ஃபாஸ்டரும் அவர்களோடு இருந்தவர்களும் 1980-களில் இளம் பந்துவீச்சாளர்களை அளந்து ஆராய்ந்து, இடுப்பு ஒரு திசையும் தோள் ஒரு திசையுமாகத் திருகும் கலப்பு ஆக்‌ஷன் முதுகு முறிவோடு தொடர்புடையது என்று காட்டினார்கள். ஒருவர் வலியில் உணர்ந்தது, அவருடைய ஊரிலேயே அளவீடாக மாறியது.

2012-இல் லில்லி விலக, ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளராக இருந்த கிளென் மெக்ரா அந்தப் பொறுப்பை ஏற்றார். முதுகு முறிவு இன்னும் ஒழியவில்லை. ஜஸ்ப்ரீத் பும்ராவுக்கு 2019-இலும் 2022-இலும் முதுகில் அழுத்த முறிவு ஏற்பட்டு, 2023-இல் நியூசிலாந்தில் அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்ததை நாம் பார்த்திருக்கிறோம். மாறியிருப்பது, அது ஒரு பந்துவீச்சாளரின் முடிவு என்று இப்போது யாரும் எழுதுவதில்லை என்பதே.

லில்லியின் கை நேரடியாகப் பட்ட இன்னொரு முதுகும் உண்டு. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பாட் கம்மின்ஸ் 2011 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் 18 வயதில் முதல் டெஸ்ட்டை ஆடி, இரண்டாம் இன்னிங்ஸில் 79 ரன்களுக்கு 6 விக்கெட்டுகளை எடுத்தார். அதன்பின் முதுகு மீண்டும் மீண்டும் முறிந்து, ஐந்தாண்டுகளுக்கு மேல் டெஸ்ட்டே இல்லை. அந்த இடைவெளியில் அவர் போய் நின்றவர்களில் ஒருவர் லில்லி. இருவரும் சேர்ந்து, முதுகில் விழும் பளுவைக் குறைக்கும்படி ஆக்‌ஷனைத் திருத்தினார்கள். 2017 மார்ச்சில் ராஞ்சியில் கம்மின்ஸ் தன் இரண்டாவது டெஸ்ட்டுக்குத் திரும்பினார். புஜாரா இரட்டைச் சதம் அடித்த, இந்தியா 600-ஐத் தாண்டிய தட்டையான ஆடுகளம் அது. அந்த ஒரே இன்னிங்ஸில் கம்மின்ஸ் 39 ஓவர்கள் வீசி, 106 ரன்களுக்கு 4 விக்கெட்டுகளை எடுத்தார். அடுத்த டெஸ்ட்டிலும் ஆடினார்.